ஒரே நாளில் நரைத்த தலை

என் தலை துக்கத்தால் நரைக்கவில்லை. வெள்ளைச் சாயம் பூசி நரைக்க வைத்தேன். சினிமாவுக்காகப் பூசினேன். என் பாடகர் குழுவில் பாடிய செல்வின் சவப்பெட்டிக்குள் கிடக்க, அவன் தலைமாட்டில் வேஷம் கட்டிக்கொண்டு நின்றேன்!

போதுமா? இதைத்தான் இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்தேன்.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மகனைப் பறிகொடுத்த கிழவனாக நான் வருவேன். சாவு வீட்டில் குழு பாடும். பாட்டு நடுவில் சட்டென்று நிற்கும். நீலச் சேலை கட்டிய ஒரு பெண் தனியாக ஒரு வரி பாடுவாள். குரல் உடையும்... நீங்கள் அழுதிருப்பீர்கள். கைபேசியில் நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். "பெரியவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்!" என்று எழுதியும் இருப்பீர்கள்.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபம் இருக்கிறதே... செருப்பைக் கழற்றி அடிக்கலாம் போலிருக்கும். யாரை? முதலில் உங்களை. அப்புறம்தான் என்னை!

ஒரு சங்கத்தார் விழா மலர் போடுகிறார்களாம். "ஐயா, பாடகர் குழு இசையமைப்பாளர், திரைப்பட நடிகர், பனியன் கம்பெனி முதலாளி, மூன்றும் நீங்கள் ஒருவரே. உங்கள் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். பெருமையாக உட்கார்ந்து ஆரம்பித்தேன். பேனா வேறு பக்கம் போய்விட்டது. போகட்டும்! போகிற பக்கமே போகட்டும்!

ஆனால் நான் யார் என்று தெரியாமல் என்னைத் திட்ட உங்களுக்கு உரிமை இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

நான் பாக்கியநாதன். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மாற்றுச் சட்டைகூட இல்லாமல் திருப்பூருக்கு வந்தவன். கைமடியாகச் சேர்ந்தேன். தையல்காரன் தைத்துத் தள்ளுவதைப் பிடித்து மடித்து அடுக்குகிற வேலை. தையல்காரன் தும்மினால்கூட கைமடிக்குத்தான் திட்டு விழும். அங்கிருந்து ஓவர்லாக் மெஷினில் ஏறினேன். அங்கிருந்து சொந்தமாக ஒரு ஷெட். இன்றைக்குக் காதர்பேட்டை பனியன் கடைகளில் போய் என் பேரைச் சொல்லுங்கள், நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. நானே ஏறினேன்!

பாட்டும் அப்படித்தான். சுரக் குறி எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. காதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். மெஷின் ஓடுகிற ஷெட்டில் கண்ணை மூடி நின்றிருக்கிறீர்களா? ஓவர்லாக் மேலே கீச்சென்று பாடும். கம்ப்ரசர் அடியில் முனகும். நடுவில் ரெண்டு குரல் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில் என்ன போடலாம் என்று யோசித்து யோசித்துத்தான் நான் இசையமைப்பாளன் ஆனேன்.

எங்கள் தேவாலயச் சபையில் பாதிப்பேர் தெற்கேயிருந்து வந்த பனியன் தொழிலாளிகள். அவர்களை வைத்து நாலு குரல் குழு அமைத்தேன். பனியன் தைக்கிற முறைதான். உடம்பு தனி, கை தனி, காலர் தனி, விளிம்புப் பட்டி தனி. தனித்தனியாக வெட்டி, கடைசியில் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது. சோப்ரானோ பெண்களுக்கு அவர்கள் ராகத்தை நானே பாடிப் பாடி மனப்பாடம் பண்ணி வைப்பேன். பிறகு ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல். பிறகு டெனர், ஆண்களின் மேல்குரல். பிறகு பேஸ், அடிக்குரல். நாலையும் ஒருநாள் ஒட்டும்போது அவர்களே பயந்துபோவார்கள். "அண்ணாச்சி, இது நாம பாடுறதுதானா?" என்பார்கள். தெற்கே ஒரு போட்டிக்குப் போனோம். இசைக் கல்லூரியில் படித்த நடுவர் ஒருவர், "ஸ்கோர் எங்கே, சுரம் எழுதிய தாள்?" என்று கேட்டார். நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். சிரித்தார். பரிசு எங்களுக்குத்தான் வந்தது! அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

செல்வின் என் டெனர். என் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, கத்தி மெஷினை ஓட்டிக்கொண்டே பாடுவான். மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் நிற்கும். அவனுக்கு மட்டும் நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டால் போதும். என்னைக் கேலி பண்ணக்கூடிய ஒரே ஆளும் அவன்தான். நான் முதல் படத்தில் நடித்துவிட்டு வந்தபோது, "அண்ணாச்சி, போஸ்டர்ல ஒங்க மூஞ்சியத் தேடித் தேடி எனக்குக் கண்ணு போச்சு. கண்ணாடி வாங்கிக் கொடுங்க" என்றான்.

சினிமா எப்படி வந்தது? அதுவும் என் அதிர்ஷ்டம் அல்ல, என் முகம்! என் ஷெட்டில் படம் பிடிக்க வந்தார்கள். முதலாளி வேஷம் போட வேண்டிய ஆள் வரவில்லை. இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர்த் தலைவர், நீதிபதி, பெண்ணின் தகப்பன், மந்திரியின் அண்ணன்... போடாத வேஷம் இல்லை. நாலைந்து படத்தில் பிணமாகக்கூடக் கிடந்திருக்கிறேன். பிணமாக நடித்தவன் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அபசகுனம் கழியட்டும் என்று அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். என்னைப் போலச் சிரிக்க ஆள் இல்லை என்பார்கள். மாலையோடு எழுந்து உட்கார்ந்து அப்படிச் சிரிப்பேன்!

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது.

இளம் இயக்குநர். மரியாதையான தம்பி. முதன்முறையாக எனக்கு ஒரு முழுப் பாத்திரம். கிழவனின் மகன் சாகிறான், அடக்கத்தில் குழு பாட வேண்டும். "சார், பாட்டும் நீங்களே போடுங்க, உங்க குழுவே பாடட்டும்" என்றார். என் இசை, என் நடிப்பு, என் ஆட்கள்... எல்லாம் ஒரே திரையில்! ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சொல்லுங்கள்!

பாட்டு போட்டேன். நடுவில் எல்லாக் குரலும் அடங்க, டெனர் மட்டும் தனியே எழுந்து வரும்: "அக்கரையில் விளக்கெரியுது, அம்மா நான் வாறேன்..." செல்வினுக்காகவே அளவெடுத்து வெட்டிய வரி.

ஒருநாள் பயிற்சிக்கு செல்வின் பிந்தினான். அந்த வரி வந்தபோது, வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி எஸ்தர், தன்னை மறந்து, மெல்லிய குரலில் அதைப் பாடினாள். வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். எல்லாரும் திரும்பியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்திருந்தேன்... அதுதான் என் பாவத்தின் வேர்!

காங்கேயம் சாலையில் ஒரு தேங்காய்க் களத்தில் செட் போட்டார்கள். தேங்காய்ப் பருப்புக் காயப்போடும் சிமெண்டுத் தரையில் கல்லறைத் தோட்டம். என் பகுதியை வேறு நாள் எடுப்பதாக இருந்ததால், கேமரா பார்வைக்கு வெளியே நின்று கையசைத்துப் பாட வைத்தேன். என் ஆட்கள் கெடுத்தார்கள்! ஞாயிற்றுக்கிழமைச் சேலை, முகம் பூராப் பவுடர், பல் தெரிய நின்றார்கள். கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி! இயக்குநர் கத்துகிறார், "கேமராவைப் பாக்காதீங்கய்யா!" கத்தக் கத்த இன்னும் பார்க்கிறார்கள்.

செல்வின் கையைத் தூக்கிக் கேட்டான்: "அண்ணாச்சி, நாங்க பாடவா, சாகவா? ஒண்ணத் தெளிவாச் சொல்லச் சொல்லுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைய படப்பிடிப்பு குப்பைக்குப் போனது. "சென்னையில் துணை நடிகர்களை வைத்து எடுத்துக்கொள்கிறேன் சார்" என்றார் இயக்குநர். என் குழுவை! துணை நடிகர்களை வைத்து! எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்த வாரமே செல்வின் செத்தான். காலை நேரம். கட்டிங் டேபிளில் சாய்ந்தான். நெஞ்சைப் பிடித்தான். நாங்கள் தூக்கி வண்டியில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. அவன் விரித்துப் போட்டிருந்த துணி அடுக்கு பாதி வெட்டியபடியே கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் இயக்குநருக்குப் போன் பண்ணினேன்.

ஆம்! நான்தான் பண்ணினேன்! அவர் கேட்கவில்லை. "தம்பி, நாளைக்கு மத்தியானம் ரெண்டு கேமராவை அனுப்பு. உனக்கு வேண்டியது கிடைக்கும்" என்று சொன்னவன் நான். "சார்... வேண்டாமே" என்றார் அந்தப் பையன். நான் விடவில்லை. "என் ஆட்களுக்கு நடிக்க வராது. அழ வரும்" என்றேன்.

எப்படிப்பட்ட வசனம் பாருங்கள்! எந்தப் படத்திலும் எனக்கு இப்படி ஒரு வசனம் எழுதித் தந்ததில்லை!

மறுநாள் காலை படத்தின் மேக்கப்காரர் என் வீட்டுக்கே வந்தார். இருபது வருஷமாகக் கறுப்புச் சாயம் பூசிய தலை எனக்கு. படத்தில் கிழவனுக்கு வெள்ளைத் தலை. கல்யாணக் காட்சியை ஏற்கெனவே பொள்ளாச்சியில் அந்தத் தலையோடு எடுத்து முடித்திருந்தார்கள். அதனால் அன்றைக்கும் தலை வெள்ளையாக வேண்டும். பூசினார். தாடிக் குத்தலுக்கும் பூசினார். என் மனைவி கதவருகே நின்று பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவதில்லை.

எங்கள் பக்கம் அடக்கத்தை வீடியோ எடுப்பது வழக்கம். வெளிநாட்டில் இருக்கிற உறவு பார்க்க வேண்டும் என்று நேரலையும் போடுவார்கள். அதனால் சாவு வீட்டில் வீடியோக்காரனுடையதும் சேர்த்து மூன்று கேமரா நின்றதை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் போடவில்லையா? உங்கள் அப்பாவின் முகத்தைக் கிட்டக் காட்டச் சொல்லி வீடியோக்காரனை விரட்டவில்லையா? பின்னே என்னை மட்டும் ஏன்... இல்லை. வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் எடுத்தது உங்கள் வீட்டுச் சாவு.

என் மேனேஜர் பழனிச்சாமிக்கு மட்டும் மூக்கு வியர்த்தது. இந்த ஊர்க்காரர், நெசவுக் குடும்பம், நெற்றி நிறையத் திருநீறு. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க மொதலாளி, ஒரு எழவு ஊட்டுக்கு இத்தனை கேமராங்களா?"

"வெளிநாட்டு உறவுக்கு."

"செல்வினுக்கு வெளிநாட்டுல யாருங்க?"

அவர் என் கழுத்தைப் பார்த்தார்.

"சட்டைக் காலர்ல வெள்ளையா அப்பியிருக்குதுங்க. நரை ஒட்டுமுங்களா?"

துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அந்தத் துண்டும் படத்தில் இருக்கிறது. பாருங்கள்.

பாட ஆரம்பிக்குமுன் டெனர் ஆட்களைத் தனியே கூப்பிட்டேன். "செல்வின் வரியை யாரும் பாடக் கூடாது. அந்த இடம் வந்ததும் எல்லாரும் நிறுத்துங்கள். காலியாக விடுங்கள். அது அவனுக்கு மரியாதை" என்றேன். கண் கலங்கினார்கள். ஒருத்தன் என் காலைத் தொட்டான்!

மரியாதையா? மரியாதையா அது?

அந்த இடத்தைக் காலியாக விட்டால் எஸ்தர் பாடுவாள் என்று எனக்குத் தெரியும். தெரியுமா? நிச்சயமாகத் தெரியுமா?... இத்தனை வருஷம் "தெரியாது, தற்செயல்" என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! தெரியாதவன் எதற்காக சினிமாக் கேமராக்காரரிடம் போய், "ஒரு கேமராவை அந்த அம்மா முகத்தைப் பார்த்து வை" என்றான்? தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஜன்னலோரம்... இடத்தைக்கூட நான்தான் காட்டினேன்! இயக்குநர் யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். என் யோசனை. இதிலும் பேரை இன்னொருத்தனுக்கு விட்டுத்தர மனம் வரவில்லை, பாருங்கள் என் புத்தியை!

பாடினார்கள். தேங்காய்க் களத்தில் பல்லைக் காட்டிய அதே ஆட்கள்... ஒரு கண்ணும் கேமரா பக்கம் போகவில்லை. நாலு குரலும் எழுந்து, தகரக் கூரையில் முட்டி, இறங்கின. அந்த இடம் வந்தது. கையை மடக்கினேன். நின்றார்கள்.

வெறும் அமைதி. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெட்டிக்குள் வெள்ளைக் கையுறை போட்ட செல்வின் கை.

எஸ்தர் தலை நிமிர்ந்தாள். யார் விட்டார்கள் இந்த வரியை என்று தேடுகிறவள் மாதிரி எங்களைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "அக்கரையில் விளக்கெரியுது..." பாடினாள். "அம்மா நான் வாறேன்" என்ற இடத்தில் குரல் ரெண்டாகக் கிழிந்தது.

நான் அழுதேன். சத்தியமாக அழுதேன். கிளிசரின் இல்லை. வயிற்றிலிருந்து வந்த அழுகை அது.

ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். வெளிச்சம் அங்கேதான் இருந்தது.

இதற்கு என்ன பேர் வைப்பீர்கள்? நிஜமா, நடிப்பா? அந்த அழுகைக்காக எனக்கு விருது கொடுத்தவர்களைக் கேட்கிறேன். எந்தப் பாதிக்குக் கொடுத்தீர்கள்?

பெட்டியை மூட வந்தார்கள். அப்போது ஒரு காரியம் நடந்தது. நான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. எதற்கு? அவன் எழுந்து உட்கார்ந்து சிரிப்பான் என்று! காட்சி முடிந்துவிட்டதே... "எழுந்திருலே. எழுந்து ஒரு சிரிப்புச் சிரிலே" என்று உதடு முணுமுணுக்கிறது. மூடியில் முதல் ஆணி இறங்கியது.

வீட்டுக்குப் போனதும் தலையைக் கழுவத்தான் இருந்தேன். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே எஸ்தர் முதன்முறையாக என்னைக் கிட்டப் பார்த்துவிட்டாள். அழுது வீங்கிய கண்ணால் என் தலையைப் பார்த்தாள். "ஐயோ அண்ணாச்சி... ஒரே நாள்ல இப்படி நரைச்சுப் போனீகளே!" என்று கத்தி அழுதாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். போதகர் என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். அவர் உள்ளங்கையிலும் வெள்ளை ஒட்டியிருக்கும்... அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எப்படிக் கழுவுவது? சொல்லுங்கள்! ஞாயிற்றுக்கிழமை கறுப்புத் தலையோடு போய் நிற்க முடியுமா?

கோயம்புத்தூரில் யாருக்கும் தெரியாத ஒரு கடையைத் தேடிப்போய் முடியை வெளுத்துக்கொண்டேன். பனியனை வெளுத்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர்க்காரன், தலையை வெளுக்க வெளியூர் போனேன்! தோல் எரிந்தது. அடியில் என் சொந்த நரை வளர்ந்து வரும்வரை மறுபடி மறுபடி போனேன். எஸ்தர் ஊரெல்லாம் சொன்னாள்: "எங்க வீட்டு ஆளு செத்த துக்கத்துல அண்ணாச்சி தலை ஒரே நாள்ல வெளுத்துப்போச்சு. கூடப்பொறந்தவன் கூட அப்படி அழ மாட்டான்." அவளுக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. தன் புருஷன் ஒரு முதலாளியின் தலையையே நரைக்க வைக்கிற அளவுக்குப் பெரிய ஆள் என்று.

படம் வந்தது. குழுவில் சிலருக்கு விஷயம் புரிந்தது. கேட்டார்கள். "எஸ்தர் சம்மதத்தோடுதான். அவளிடம் பேச்சை எடுக்காதீர்கள், தாங்க மாட்டாள்" என்றேன். நம்பினார்கள். எஸ்தர் சினிமா பார்க்க மாட்டாள். அவள் அம்மா வீட்டு வைராக்கியம். அந்த வைராக்கியம் எனக்குப் பூட்டாக இருந்தது. வீடியோக்காரன் எடுத்த அடக்கப் படத்தை மட்டும் அவளுக்குக் கொடுத்தேன். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

புகழ் வந்தது... எப்படிப்பட்ட புகழ்! எங்கள் குழு அந்த வரியைப் பாடாமல் காலியாக விடுகிற வழக்கம் மற்ற சபைகளுக்கும் பரவியது. என் பாட்டை எடுத்துப் பாடுகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். மண்டபமே அமைதியாகும். நான் இத்தனை பாட்டு போட்டேன். எனக்குப் பேர் வாங்கித் தந்தது நான் ஒன்றும் போடாத அந்த ஒரு இடம்!

பேட்டி எடுக்க வந்த ஒரு பெண் கேட்டாள், "சார், அந்த அம்மா யார்? எந்த நாடகக் குழுவிலிருந்து பிடித்தீர்கள்?"

நான் சொன்ன பதில் இன்னும் யூடியூபில் இருக்கிறது. "எங்கள் ஊர்ப் பெண்தான். நான்தான் பயிற்சி கொடுத்தேன்."

பயிற்சி கொடுத்தேனாம்! அவள் புருஷன் சாவுக்கு அழ நான் பயிற்சி கொடுத்தேனாம்! என் வாயில் அந்த நேரம் புழு விழுந்திருக்கக் கூடாதா?

பழனிச்சாமி அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். "தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போறமுங்க. நீங்களும் வாங்க, ஒரு மொட்டை போட்டுக்கலாம்" என்றார்.

"நான் எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று தெரியாதா உமக்கு?"

"சாமிக்குன்னு யாருங்க சொன்னது? வழிச்சுட்டா அந்த நரையாவது போகுமுங்கல்ல?"

வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். போனார். மறுநாளும் வழக்கம்போல வேலைக்கு வந்தார். அதுவும் எனக்குக் கோபம்!

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

எஸ்தர் என் கம்பெனியிலேயே, தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறாள். அவள் பக்கத்தில் ரிங்கி என்று ஒரு வடநாட்டுப் பெண். சாப்பாட்டு நேரத்தில் ரிங்கி கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவள், "தீதி! யே ஆப் ஹோ நா?" என்று கத்தியிருக்கிறாள். அக்கா, இது நீங்கள்தானே என்று. எங்கள் படத்தை இந்தியில் மாற்றி விட்டிருக்கிறார்கள். என் குரலுக்குப் பதில் வேறு யாரோ இந்திக்காரன் குரல். எல்லார் குரலும் மாறியிருக்கிறது. எஸ்தர் குரலை மட்டும் மாற்றவில்லை. அவள் வரி அப்படியே தமிழில், அப்படியே கிழிந்த இடத்தோடு!

மறுநாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கலாமா?"

"உட்காரும்மா."

உட்காரவில்லை. "நான் சினிமா பாக்குறதில்லன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. நேத்து பாத்துட்டேன். ரிங்கி போன்ல முழுசாப் பாத்துட்டேன்."

மேசை மேல் திறந்து கிடந்த கணக்குப் புத்தகத்தை மூடினேன்.

"என்னைய எடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. எல்லாரு முன்னாலயும்தான பாடுனேன். அவுக கை தெரியுது, பாத்தேன். அது போவட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். படத்துல மொதல்ல ஒரு கல்யாணம் வருது. அதுலயும் ஒங்க தலை வெள்ளையாத்தான் இருக்கு. அந்தக் கல்யாணத்த எப்ப எடுத்தீக? அவுக சாவுக்கு முன்னாலயா, பெறவா?"

பார்த்தீர்களா கேள்வியை! எந்த வக்கீல் கேட்பான் இப்படி?

ஒரு சொல் போதும். "முன்னால்" என்று ஒரு சொல். பொள்ளாச்சியில் எடுத்தது, செல்வின் உயிரோடு இருக்கும்போது எடுத்தது, என் நரை பொய்ம்மா, என்னைக் காறித் துப்பு... நாக்கு நுனி வரை வந்தது. வந்ததா? வந்தது என்று இப்போது எழுதுகிறேன்.

"பிறகு எடுத்ததும்மா" என்றேன். குரல் நடுங்காமல், கண்ணை அவள் கண்ணிலிருந்து எடுக்காமல் சொன்னேன். என் வாழ்நாளின் சிறந்த நடிப்பு அது. கேமரா இல்லை!

என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பச் சரி. கேண்டீன்ல ரெண்டு பேரு அது மேக்கப்பு நரைன்னு பேசுனாளுவ. அண்ணாச்சி அப்படிப்பட்ட ஆளில்லன்னு சண்டை போட்டுட்டு வந்தேன்."

திரும்பிப் போனவள் கதவருகே நின்றாள்.

"அவுக எடத்த இன்னும் எத்தனை நாளைக்குச் சும்மா வுடுறது? இனி நான் பாடுறேன் அண்ணாச்சி."

"பாடும்மா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

அவளுக்கு உண்மை தெரியுமா, தெரியாதா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே என்னைக் காப்பாற்றுகிறாளா? தெரிந்தே என்னைக் கொல்கிறாளா? நீங்கள் யாராவது போய் அவளிடம் சொல்லிவிடுங்கள். இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்காவது அந்தத் தைரியம் இல்லையா? ... வேண்டாம்! போகாதீர்கள்! அவள் கையிலிருக்கிற அந்த ஒரு ஆறுதலைப் பிடுங்க உங்களுக்கு என்ன உரிமை? எனக்கே இல்லை!

இன்றைக்கு என் தலையில் சாயம் ஒரு சொட்டு இல்லை. அத்தனையும் சொந்த நரை. வயது தந்த நரை. யார் வந்து பார்த்தாலும் என் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. என் பொய்யை என் தலையே உண்மையாக்கிவிட்டது!

போன ஞாயிறு அந்தப் பாட்டு. எஸ்தர் டெனர் ஆண்களோடு, செல்வின் நின்ற இடத்தில் நின்றாள். குழுவில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்: கண் என் கை மேல் இருக்க வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது.

அந்த இடம் வந்தது. எல்லாரும் நின்றார்கள். கையைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்துக்கொண்டே பாடினாள். "அக்கரையில் விளக்கெரியுது, அம்மா நான் வாறேன்..." கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. இந்த முறை குரல் உடையவில்லை.

வருகிற ஞாயிறும் அந்தப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். கை தூக்க வேண்டியவன் நான்தான்.